முத்தரசியின் முப்பத்திரண்டாம் பக்கம்

தங்கமாரி எங்கள் வீட்டு மாடி அறைக்குக் குடிவந்த மூன்றாம் நாளே நான் அவளோடு சண்டை போட்டேன். காரணம் சுவர். அந்தப் பொங்கலுக்குத்தான் பெயின்ட் அடித்திருந்தோம். வாடகைக்கு வரும் பெண்கள் ஆணி அடிப்பார்கள், சாமி படம் ஒட்டுவார்கள், அதெல்லாம் எனக்குப் பழக்கம். இவள் என்னடா என்றால் கட்டிலுக்கு மேலே பென்சிலால் ஒரு பெண்ணைப் பறக்கவிட்டிருந்தாள். ஆறடி நீளம். இரட்டைச் சடை, காலில் சேஃப்டி ஷூ. கழுத்தில் மாட்டிய ஐடி கார்டு காற்றில் பின்னால் பறந்தது.

"இன்னாடி இது? யார் வூட்டுச் சுவருன்னு நெனச்சிகினு கீற?"

"முத்தரசிக்கா," என்றாள், வீட்டுக்கு வந்த விருந்தாளியை அறிமுகம் செய்பவள் மாதிரி. "கம்பெனி பஸ்ஸ விட்டுட்டா. அதான் பறந்து போறா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துத் தொலைத்த பிறகு எப்படிச் சண்டை போடுவது? அழிக்கச் சொல்லாமலேயே இறங்கி வந்தேன்.

நான் ஷாரோன். பென்னலூரிலேயே பிறந்து வளர்ந்தவள். ஒரகடம் பக்கம், கார் சீட்டுக்கு அடியில் வரும் தகடுகள் செய்யும் கம்பெனி ஒன்றில் பதினோரு வருடமாகக் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். தகட்டை எடுக்க வேண்டும், அளக்க வேண்டும், அளவு தப்பினால் சிவப்புப் பேனாவால் கோடு போட்டுத் தள்ள வேண்டும். மனிதர்களையும் நீ அப்படித்தான் தள்ளுகிறாய், அதனால்தான் உனக்கு ஒரு மாப்பிள்ளையும் அமையவில்லை என்பாள் என் அம்மா. இருக்கட்டும். உடன்குடிப் பக்கத்திலிருந்து பிளஸ் டூ சர்டிபிகேட்டையும் ஒரு பையையும் தூக்கிக்கொண்டு எங்கள் கம்பெனிக்கே வேலைக்கு வந்த இந்தப் பெண்ணை மட்டும் என்னால் தள்ள முடியவில்லை.

சுவரைக் காப்பாற்ற நான்தான் அவளுக்குக் காகிதம் கொடுத்தேன். குவாலிட்டியில் தினமும் நூறு செக் ஷீட் வீணாகும். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். என் சிவப்புப் பேனாவும் அவளிடம் போய்ச் சேர்ந்தது. நீலம், சிவப்பு என்று இரண்டே நிறத்தில் முத்தரசியின் கதை வளர்ந்தது. முத்தரசி ஒரகடத்தில் ஷிப்ட் வேலை பார்க்கிறவள். வேலை முடிந்ததும் பறந்து போய், லாரிக்கு அடியில் சிக்கியவர்களை இழுத்துப் போடுவாள், சம்பளம் தராத கான்ட்ராக்டரைக் காலரைப் பிடித்து டவர் உச்சியில் உட்கார வைப்பாள். மற்ற வீராங்கனைகள் மாதிரி தோளில் துணி கட்டிப் பறக்க மாட்டாள். மெஷினில் சிக்கும் என்று அதைக் கழற்றி லாக்கரில் வைத்துவிட்டாள். அவளுடைய எதிரி இரும்புவாயன். உடம்பே கிடையாது, முழுக்க வாய்தான்.

அதிகாலை கம்பெனி பஸ்ஸில் அந்தப் பக்கங்கள் ஒவ்வொரு சீட்டாகப் போய்த் திரும்பும். கார்களை அடுக்கிய டிரெய்லர்களுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்துகொண்டிருக்க, தூங்க வேண்டிய பெண்கள் எல்லாம் படித்துக்கொண்டிருப்பார்கள். நான்தான் குறை சொல்வேன்.

"பயமே இல்லாதவள வெச்சிகினு இன்னாடி கதை? ஒரு எடத்துலயாவது நடுங்க வேணாமா?"

"அவளுக்கு எதுக்குக்கா பயம்? அதான் எனக்கு இருக்கே," என்று சிரிப்பாள்.

இப்போது பிரஸ் மெஷினைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் பிரஸ் லைனில் ஏழு மெஷின்கள், எல்லாம் பழையவை. தகட்டை உள்ளே வைத்துவிட்டு, இரண்டு பக்கமும் இருக்கும் பச்சைப் பட்டன்களை இரண்டு உள்ளங்கையாலும் ஒரே நேரத்தில் அமுக்க வேண்டும். அப்போதுதான் மேலிருந்து பிரஸ் இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் ஒரு கையும் உள்ளே இருக்காது என்பதுதான் ஏற்பாடு. செய்தவன் புத்திசாலி. ஆனால் அவன் எங்கள் லைனில் நின்று கவுன்ட் எடுத்தவன் இல்லை. மணிக்கு இத்தனை என்று போர்டில் எழுதிவிட்டால் எங்கள் பெண்கள் விடுவார்களா? அட்டைத் துண்டை மடித்து வலது பட்டனின் இடுக்கில் செருகிவிடுவார்கள். பட்டன் அமுங்கியபடியே நிற்கும். இடது கை பிரஸ்ஸை இறக்க, வலது கை சும்மா கிடந்து, தகட்டை எடுக்க, வைக்க, எடுக்க, வைக்க என்று ஓடும். அந்த மடிப்புக்கு லைனில் பீடா என்று பெயர். "பட்டனுக்கு பீடா குடுத்தாச்சா?" என்று காலையில் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார்கள். சூப்பர்வைசர் பலராமன் வந்தால் பீடா பாக்கெட்டுக்குள் போய்விடும். அவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தகடு அளவு சரியாக இருந்தால் போதும் என்று நானும் இருந்தேன்.

போன வருடம் ஜூன் மாதம், முதல் ஷிப்ட், ஒன்பது மணி டீக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஏழாம் நம்பர் பிரஸ்ஸில் தங்கமாரியின் வலது கை மாட்டியது.

நான் நாற்பதடி தள்ளி இருந்தேன். ஓடிப் போவதற்குள் நாலு பேர் அவளைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. அவள் கத்தவில்லை. "பக்கம்க்கா, பக்கம்" என்றுதான் என்னைப் பார்த்துச் சொன்னாள். அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் திரும்பி மெஷினைப் பார்த்தேன். வலது பட்டனின் இடுக்கில் வெள்ளைக் காகிதம், எட்டாக மடித்தது. அன்றைக்கு அட்டை கிடைக்காமல், இன்னும் யாருக்கும் காட்டாத புதுப் பக்கத்தையே பாக்கெட்டிலிருந்து எடுத்து மடித்துச் செருகியிருக்கிறாள்.

யாரும் பார்க்கும் முன் அதைப் பிடுங்கி என் ஓவர்கோட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். அவள் தப்பு என்று ரிப்போர்ட்டில் ஏறினால் விரலும் போய் வேலையும் போகும் அல்லவா? என் கணக்குப் பலித்தது. ரிலே, அதாவது மெஷினுக்குள் இருக்கும் சுவிட்ச், கோளாறு என்று எழுதினார்கள். புது ரிலே போட்டு, பெயின்ட் அடித்து, நாலாம் நாள் மெஷினை ஓடவிட்டார்கள். அந்தக் காகிதத்தை வீட்டில் பைபிளுக்குள் வைத்தேன். பிரிக்கத் தைரியம் வரவில்லை.

செப்டம்பரில் தங்கமாரி திரும்பி வந்தாள். ஊரோடு வந்துவிடு என்று அவள் அம்மா போனில் அழுததை மாடிப்படியிலிருந்து நானே கேட்டேன். இவள் மறுத்துவிட்டாள். "ஊருல இருந்தா காலம் பூரா இந்தக் கைய முந்தானைக்குள்ள வச்சிக்கிட்டே திரியணும்க்கா. இங்கன யாருக்கு அதப் பாக்க நேரம் இருக்கு?"

சொன்னாளே தவிர, இங்கேயும் துப்பட்டாவுக்குள்தான் வைத்துக்கொண்டாள். கம்பெனியில் பேக்கிங்குக்கு மாற்றி லேபிள் ஒட்டச் சொன்னார்கள். பிரஸ் லைன் ஷெட்டின் மறுகோடியில் இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு அடிக்கும் அவள் தோள் தூக்கிப் போடும். ஒரு ஷிப்ட்டில் எத்தனை அடி! கேன்டீனுக்குப் பிரஸ் லைன் வழியாகப் போனால் ஒரு நிமிடம்தான். அவள் பின்பக்கம் ஸ்கிராப் யார்டைச் சுற்றிக்கொண்டு வெயிலில் நடந்து வருவாள். பஸ் கதவு சாத்தும் சத்தத்துக்குக் கண்ணை மூடிக்கொள்வாள். வீட்டில் குக்கர் வைப்பதையே விட்டுவிட்டாள், வடித்த சோறுதான்.

படம் வரைவதும் நின்றுபோனது. சுவரில் இருந்த முத்தரசியின் மேல் அவளே ஒரு காலண்டரை மாட்டினாள். காலண்டர் ஓரத்தில் சேஃப்டி ஷூ மட்டும் வெளியே தெரிந்தது.

அவளோடு அதே அறையில் சுகப்பிரியா என்ற பெண் இருந்தாள். அவளும் எங்கள் கம்பெனியில் வேலை பார்க்கும் தெற்கத்திப் பெண்தான், ஏறத்தாழ அதே வயது, வாய் ஓயாது. "ஏட்டி, இரும்புவாயன் கிட்டப் போனாளே, பொறவு என்னட்டி ஆச்சி? முப்பத்தொண்ணோட நிக்கி!" என்று வாரம் ஒரு தடவையாவது கேட்பாள். தங்கமாரி விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்வாள்.

இந்த மார்ச் மாதம் பாதுகாப்பு வாரம் வந்தது. எல்லாக் கம்பெனியிலும் வரும். உறுதிமொழி, கோலம், ஸ்லோகன் போட்டி, போஸ்டர் போட்டி. வருடா வருடம் ஹெல்மெட் போட்ட ஒருவர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பார், அவருக்கே முதல் பரிசு. அதே வாரம் ஆள் பற்றாக்குறை என்று சுகப்பிரியாவைப் பிரஸ் லைனுக்கு மாற்றினார்கள். ஏழாம் நம்பர்.

இரண்டாம் நாள் சாயங்காலம் அவள் துள்ளிக்கொண்டு வந்தாள். "அக்கா, வந்த ரெண்டே நாள்ல கவுன்ட்டு அடிச்சிட்டேன்! பலராமன் சாரே கை தட்டுனாவ."

"எப்பிடி அடிச்ச?" என்று கேட்டாள் தங்கமாரி.

"எப்பிடின்னா? எல்லாரையும் போலத்தான். பீடா."

தங்கமாரி எழுந்து நின்றுவிட்டாள். "வைக்காதட்டி."

"ஏன்?"

"என் கையப் பாத்துமா கேக்குத?"

"ஒனக்கு மெஷின் கோளாறுல்லா?" என்றாள் சுகப்பிரியா, கொஞ்சமும் கெட்ட எண்ணம் இல்லாமல். "ரிலேய மாத்திட்டாவ. இப்ப அது நல்ல மெஷினு. எனக்கு ஒண்ணும் ஆவாது."

அவள் குளிக்கப் போய்விட்டாள். நான் பாக்கெட்டில் போட்டுக்கொண்ட ஒரு காகிதத்தால் ஏழாம் நம்பர் நல்ல மெஷின் ஆகிவிட்டது. அந்த நல்ல மெஷினுக்குள் இப்போது சுகப்பிரியாவின் கை போய்ப் போய் வருகிறது.

"நானேதாங்க்கா வச்சேன்," என்றாள் தங்கமாரி. ஒன்பது மாதத்தில் முதல்முறை.

"தெரியும்."

"தெரியுமா?"

"எடுத்ததே நான்தான்."

அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கட்டிலில் மறுபடியும் உட்கார்ந்தாள். பிறகு, "செக் ஷீட்டு இருக்காக்கா? பெரிய அட்டையா இருந்தாலும் சரி," என்றாள்.

போஸ்டர் போட்டிக்கு அவள் என்ன வரையப் போகிறாள் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. கோபம் கோபமாக வந்தது. "வாய மூடிகினு இரு. சுகப்பிரியாகிட்ட மட்டும் சொல்லு, போதும். ஊருக்கே தமுக்கு அடிச்சியானா வேல பூடும். உனக்கு மட்டுமில்ல, எனக்கும்."

"ஒருத்திகிட்டச் சொன்னா ஒருத்திதான் நிப்பாட்டுவா. ஏழு மெஷினு, மூணு ஷிப்ட்டு." துப்பட்டாவுக்குள்ளிருந்து கையை எடுத்து மடியில் வைத்தாள். "ஒங்க பேரச் சொல்ல மாட்டேன். ஆனா நான் சொல்லத்தான் போறேன். எனக்குப் பயமாத்தான் இருக்கு. இருந்துட்டுப் போவட்டும்."

அன்று சுகப்பிரியாவிடமும் விஷயத்தைச் சொன்னாள். அவள் முகம் வெளுத்துப்போனது. இனிமேல் வைக்க மாட்டேன் என்று தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். மறுநாள் கவுன்ட் விழுந்தது. லைனில் எல்லார் முன்னாலும் அவளுக்குத் திட்டு விழுந்தது. அதற்கு மறுநாள் சத்தியம் விழுந்தது. சுகப்பிரியாவை நான் குற்றம் சொல்ல மாட்டேன். பதினோரு வருடம் நான் பார்த்தது இதுதான்.

தங்கமாரி நாலு நாள் சாயங்காலமும் வரைந்தாள். பேனாவைக் கட்டை விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் பிடித்தாள். முதல் நாள் வட்டம் கோழி முட்டை மாதிரி வந்தது. கிழித்துப் போட்டாள். இரண்டாம் நாள் இரட்டைச் சடை வந்தது. மூன்றாம் நாள் காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றி, பழைய முத்தரசியை எதிரில் வைத்துக்கொண்டு வரைந்தாள். கை வலித்தால் கொஞ்ச நேரம் உதறிவிட்டு மறுபடியும் உட்காருவாள். நான் டீ கொண்டுபோய் வைத்துவிட்டு, பேசாமல் இறங்கி வருவேன். கடைசி நாள் காலை பைபிளைத் திறந்து அந்தக் காகிதத்தை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். ஏன் என்று கேட்டால் அப்போது எனக்கே தெரியாது.

போஸ்டர்களைப் பிரஸ் லைன் வாசலில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், ஏழாம் நம்பருக்குப் பக்கத்தில். முதல் ஷிப்ட் முழுக்க மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்றது. தங்கமாரி ஸ்கிராப் யார்டைச் சுற்றி வருவாள் என்று நான் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பிரஸ் லைன் வழியாக நடந்து வந்தாள். மெஷின்கள் அப்போது நின்றுதான் இருந்தன; ஆனாலும் ஒவ்வொன்றைத் தாண்டும்போதும் அவள் கழுத்து நரம்பு புடைத்தது. கையில் அட்டை. துப்பட்டா இல்லை.

அட்டையில் ஏழு கட்டங்கள். ஏழாம் நம்பர் பிரஸ்ஸில் முத்தரசி நிற்கிறாள். கடிகாரத்தில் ஒன்பதுக்குப் பத்து நிமிடம். முத்தரசி ஒரு காகிதத்தை மடிக்கிறாள். பட்டனில் செருகுகிறாள். நாலு கட்டத்திலும் அவள் நெற்றியில் வியர்வை. ஐந்தாவதில் இரும்புவாயன் பல்லைக் காட்டி, "தேங்க்ஸ் முத்தரசி, உன்னால்தான் எனக்குச் சாப்பாடு," என்கிறான். ஆறாவது கட்டம் முழுக்கச் சிவப்பு. ஏழாவதில் மூன்று விரல் கை ஒன்று பட்டனிலிருந்து பீடாவைப் பிடுங்குகிறது.

சூப்பர்வைசர் பலராமன் குனிந்து பார்த்தார். கத்துவாரே தவிர கெட்ட மனிதர் இல்லை.

"இன்னாம்மா இது? ரிலே கோளாறுன்னு ரிப்போர்ட்ல கீது. நீ கதை எழுதினு வந்து மாட்டுற. எடு அத."

"கதை இல்ல சார். நானேதான் பீடா வச்சேன். ரிலே நல்லாத்தான் இருந்துச்சி."

"உனக்கு வந்த பயத்துல நீயே ஒண்ணு நெனச்சிகினு பேசற. யாரு பார்த்தாங்க? எவன்னா சாட்சி கீறானா?"

அவள் தன் போஸ்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. பேரைச் சொல்ல மாட்டேன் என்று சொன்னாள் அல்லவா, சொல்லவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. மஞ்சள் கோட்டைத் தாண்டி எப்படிப் போனேன் என்று இன்றும் நினைவில்லை. கைப்பையைத் திறந்து காகிதத்தை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"வலது பட்டன்ல இருந்தது சார். ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள நான் எடுத்துட்டேன். இதால அந்த மெஷினு நல்ல மெஷினுன்னு ஆயிப்போச்சி."

அவர் காகிதத்தைப் பார்த்தார். மடிப்பில் பட்டனின் விளிம்பு பதிந்திருந்தது. ஒரு மூலையில் பழுப்புக் கறை. "பதினோரு வருஷ சர்வீஸ் உனக்கு," என்றார் என்னிடம், மெதுவாக. பிறகு தலையைத் துடைத்துக்கொண்டு, "கவுன்ட்டு, கவுன்ட்டுன்னு கத்தினவன் நான்தானே," என்றார்.

தங்கமாரி ஏழாம் நம்பரிடம் போனாள். வலது பட்டனின் இடுக்கில் கையை விட்டு ஒரு அட்டை மடிப்பை எடுத்தாள். சுகப்பிரியாவிடம் நீட்டினாள். சுகப்பிரியா வாங்கிக்கொண்டு அழுதாள்.

"சார், மெயின் போடச் சொல்லுங்க. ஒரு பத்து அடி அடிச்சிக்கிடுதேன்," என்றாள் தங்கமாரி.

"வேணாம்மா."

"நான் அடிக்கணும் சார். இத இன்னைக்கு விட்டேன்னா பஸ்சு கதவுக்கும் குக்கருக்கும் சாகுற வரைக்கும் பயந்துக்கிட்டே கெடக்கணும்."

பலராமன் தானே போய் மெயின் போட்டார். அவள் தகட்டை உள்ளே வைத்தாள். கையை வெளியே எடுத்தாள். அந்தப் பட்டன்களை அமுக்க விரல் தேவையில்லை, உள்ளங்கை போதும். இடது கையை இடது பட்டனில் வைத்தாள். வலது கை இறங்காமல் பட்டனுக்கு மேலேயே நின்றது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியாது. பிறகு அமுக்கினாள்.

பிரஸ் இறங்கியது. அவள் தோள் தூக்கிப் போட்டது. ஆனால் கை இரண்டும் பட்டனிலேயே இருந்தன, கண்ணும் திறந்தே இருந்தது. இரண்டாவது அடிக்கும் தோள் துள்ளியது. மூன்றாவதுக்கும்தான். பத்தாவது அடிவரை துள்ளியது. அவள் பத்தும் அடித்தாள். நான் பத்துத் தகட்டையும் எடுத்து அளந்தேன். என் வேலை அதுதானே. ஒன்றுகூடத் தள்ள வேண்டியிருக்கவில்லை.

பிறகு நடந்தது எல்லாம் சினிமாவில் வருகிற மாதிரி இல்லை. மூன்று நாள் விசாரணை. தன் கவனக்குறைவு என்று எழுதிய தாளில் தங்கமாரி கையெழுத்துப் போட்டாள். எனக்கு மெமோ கொடுத்து, ஒரு மாதம் ஸ்டோர் ரூமில் ஸ்குரூ எண்ண விட்டார்கள். அம்மா என்னோடு நாலு நாள் பேசவில்லை. வேலை இரண்டு பேருக்கும் தப்பியது. ஏப்ரலில் ஏழு மெஷினுக்கும் புதுப் பட்டன் வந்தது. ஒவ்வொரு அடிக்கும் இரண்டு கையையும் எடுத்து எடுத்து வைத்தால்தான் பிரஸ் இறங்கும், பீடா வைத்தால் மெஷின் நின்றுவிடும். போர்டில் கவுன்ட்டையும் குறைத்து எழுதினார்கள். போஸ்டர் போட்டியில் முதல் பரிசு வழக்கம் போல ஹெல்மெட் போட்டுச் சிரித்தவருக்குத்தான். ஒரு டிபன் பாக்ஸ்.

தங்கமாரி இப்போது கேன்டீனுக்குப் பிரஸ் லைன் வழியாகத்தான் போகிறாள். தோள் இன்னும் துள்ளுகிறது. துள்ளிக்கொண்டே போகிறாள்.

விசாரணை முடிந்து அந்தக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்த அன்று, மாடியில் மூன்று பேரும் உட்கார்ந்து அதை முதல்முறையாகப் பிரித்தோம். மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தது. முப்பத்திரண்டாம் பக்கம். பக்கம் முழுக்க ஒரே படம். இரும்புவாயனின் மேல் தாடையை முத்தரசி வெறுங்கையால் தாங்கிப் பிடித்திருக்கிறாள். வலது கை. ஐந்து விரலும் விரிந்து, நகம் உட்பட அழகாக வரையப்பட்டிருந்தன. எந்தப் படத்தை மடித்துச் செருகியிருக்கிறாள் பார்த்தீர்களா? எனக்கு அழுகை வந்துவிட்டது. சுகப்பிரியா கீழே ஓடிப்போய் வொயிட்னரும் என் சிவப்புப் பேனாவும் கொண்டு வந்தாள்.

"மாத்தி வரைஞ்சிரு," என்றாள். "இப்ப மூணு விரலுதான ஒன் முத்தரசிக்கு?"

தங்கமாரி வொயிட்னரை ஒதுக்கி வைத்தாள்.

"எதுக்கு அழிக்கணும்? அன்னைக்கு அவளுக்கு அஞ்சு விரலு இருந்துச்சில்லா."

கிழிசலுக்குப் பின்னால் டேப் ஒட்டி, முப்பத்தொன்றாம் பக்கத்துக்கு அடியில் அதை வைத்தாள். புதிதாக ஒரு செக் ஷீட்டை எடுத்துத் திருப்பிப் போட்டாள். மூலையில் முப்பத்து மூன்று என்று எண் போட்டாள். பேனாவை மோதிர விரலில் இடுக்கிக்கொண்டு, முதலில் முத்தரசியின் கையை வரைந்தாள், மூன்று விரலோடு. பிறகு முகத்துக்கு வந்தாள். அந்த முகத்தில் பயம் இருந்தது.